காற்றுக்கும் ஓர் அளவு உண்டு

(மேனிலை முதலாம் ஆண்டு அறிவியல் பிரிவு மாணவியர்)

பாட்டி வீட்டு விறகடுப்பில் நெருப்பு மங்கும்போது ஊதுகுழலை எடுத்து ஊதிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. ஒருமுறை ஊதினால் தணல் சிவக்கும். மறுமுறை ஊதினால் சுடர் எழும். அவசரப்பட்டு அளவுக்கு மீறி ஊதினாலோ சாம்பல் பறந்து கண்ணில் விழும். நெருப்புக்குக் காற்று வேண்டும். அந்தக் காற்றுக்கு ஓர் அளவும் வேண்டும். இந்த எளிய உண்மையை இவ்வாண்டு நாங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டோம். கற்ற இடம் அடுப்பங்கரை அன்று. திருவண்ணாமலை போளூர் சாலையில் உள்ள ஒரு கார் ஒர்க்‌ஷாப்!

நடந்தது இதுதான். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன், டர்போ பொருத்திய பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். வண்டியின் வேகம் அவருக்குப் போதவில்லை. 'பூஸ்ட் கண்ட்ரோலர்' என்னும் கட்டைவிரல் அளவுள்ள பித்தளைக் கருவியொன்றை வெளியூரிலிருந்து தருவித்து, யாரையும் கேட்காமல் தாமே பொருத்திக்கொண்டார். ஊருக்குள் பத்து நாட்கள் வண்டி பறந்தது. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கோடை விடுமுறையில் ஒருநாள் குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டார்கள். போளூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் வண்டி திடீரென்று முன்னே பாய்ந்தது. அடுத்த நொடியே வெட்டி வெட்டி இழுத்து வலுவிழந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்னால் பேருந்து ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் விழிப்பாக இருந்து பிரேக் போட்டதனால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. தோழியின் அம்மா மடியிலிருந்த கடைக்குட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

பள்ளி திறந்ததும் இதை எங்களிடம் சொன்னபோது தோழியின் குரல் நடுங்கியது. கேட்டுக்கொண்டிருந்த இயற்பியல் சிஸ்டர், "பயந்துகொண்டே இருப்பதைவிட ஏன் அப்படி ஆயிற்று என்று தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் சம்மதம் வாங்கி வாருங்கள்" என்றார்கள். அவ்வாறே ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் ஐவரும் தோழியின் தந்தையோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றோம். அங்கே தலைநரைத்த மேஸ்திரி ஒருவர் பொறுமையோடு கற்றுத்தந்தவற்றையும், பிறகு நாங்கள் படித்து அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

டர்போ என்பது யாது?

பெட்ரோல் தானாக எரிவதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே அதிக சக்தி வேண்டுமென்றால் அதிகப் பெட்ரோலை ஊற்றினால் மட்டும் போதாது. அதற்கேற்ற காற்றும் எஞ்சினுக்குள் செல்லவேண்டும். சாதாரண எஞ்சின் நாம் மூச்சு இழுப்பதுபோலக் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. டர்போ எஞ்சினிலோ காற்று அழுத்தி ஊட்டப்படுகிறது.

அழுத்துவதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் பெரும்பங்கு சைலன்சர் வழியே வீணாக வெளியேறுகிறது. அவ்வாறு போகும் சூடான புகையின் பாதையில் ஒரு சிறு சுழல்சக்கரத்தை வைக்கிறார்கள். புகை அதைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் மற்றொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இவை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியவை. இந்த அமைப்பே டர்போசார்ஜர். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அது கூட்டித்தரும் அழுத்தத்துக்கே 'பூஸ்ட்' என்று பெயர். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார். அதாவது டயர் கடைக்காரர் கணக்கில் 14½ பவுண்டு. பூஸ்ட் அரை பார் என்றால், சூட்டினால் காற்று விரிவதைக் கணக்கில் கொள்ளாவிடில், எஞ்சினுக்கு ஒன்றரை மடங்கு காற்று கிடைக்கிறது என்று பொருள்.

இந்த எண்ணத்துக்கு 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புக்கி. 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ் என்பவர், 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுசென்று சோதித்தார். காற்று மெலிந்த அவ்வுயரத்திலும், டர்போவின் உதவியால் அது சமவெளியில் தந்த சக்தியைத் தந்தது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல், ஷெவர்லே நிறுவனங்கள் டர்போ பொருத்திய கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. நம் தமிழ்நாட்டிலும் 1982-இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் இக்கருவிகளை உற்பத்தி செய்கிறது. நம் ஊர் வழியே நெல்லும் கரும்பும் ஏற்றிச்செல்லும் இன்றைய லாரிகளில் பெரும்பாலானவை டர்போ வண்டிகளே.

குக்கரும் வேஸ்ட்கேட்டும்

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. புகை அதிகமானால் டர்போ வேகமாகச் சுழலும். வேகமாகச் சுழன்றால் காற்று அதிகமாகும். காற்று அதிகமானால் புகையும் அதிகமாகும். இப்படியே விட்டால் முடிவேது? எஞ்சின் வெடித்துத்தான் முடியும். ஆகவே டர்போவின் புகைப் பாதையில் ஒரு சிறு கதவு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் போதிய அளவை எட்டியதும் அக்கதவு திறந்து, மிகுதிப் புகையைச் சக்கரத்தில் படாமல் வேறு வழியே அனுப்பிவிடுகிறது. இதற்கு 'வேஸ்ட்கேட்' என்று பெயர்.

கதவுக்கு எப்போது திறப்பதென்று எப்படித் தெரியும்? அதற்காக 'ஆக்சுவேட்டர்' என்னும் தகரக்குப்பி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு ரப்பர்த் திரையும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. டர்போ காற்றை அழுத்தும் பக்கத்திலிருந்து பென்சில் பருமனுள்ள ஒரு சிறு ஓஸ் அந்தக் குப்பிக்கு வருகிறது. அழுத்தம் வில்லின் வலிமையை மிஞ்சும்போது திரை நகர்ந்து, ஒரு கம்பியைத் தள்ளி, கதவைத் திறக்கிறது.

மேஸ்திரி இதை எங்களுக்கு ஒரே வார்த்தையில் விளங்கவைத்தார்: "குக்கர் வெயிட்டு தெரியுமில்ல? அதேதாம்மா இது." உண்மைதான். குக்கருக்குள் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடியதும் வெயிட் எழும்பி ஆவியை வெளிவிடுகிறது. வெயிட்டின் எடை எதுவோ அதுவே குக்கரின் அளவு. வில்லின் வலிமை எதுவோ அதுவே டர்போவின் அளவு.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். குக்கர் வெயிட் நேராக ஆவியின் மேலேயே அமர்ந்திருக்கிறது. வேஸ்ட்கேட்டோ தள்ளியிருக்கும் காவலாள். 'அழுத்தம் வந்துவிட்டது, கதவைத் திற' என்ற செய்தி அந்தச் சிறு ஓஸ் வழியாகத்தான் அவனுக்கு வந்துசேரவேண்டும். செய்தி வந்தால் திறப்பான், வராவிட்டால் திறக்கமாட்டான். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருவது யாவும் எளிதாக விளங்கும்.

கண்ட்ரோலர் செய்யும் வேலை

பூஸ்ட் கண்ட்ரோலர் தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. அது அந்தச் சிறு ஓஸின் நடுவே உட்கார்ந்து, காவலாளுக்குப் போகும் செய்தியைத் தடுத்து வைக்கிறது. அவ்வளவே. அதனுள்ளே ஒரு குண்டுமணியும் அதை அழுத்தும் வில்லும் இருக்கின்றன. காற்றழுத்தம் அந்த வில்லையும் வென்று குண்டைத் தள்ளினால்தான் செய்தி ஆக்சுவேட்டருக்குப் போகும். மேலேயுள்ள திருகை முடுக்க முடுக்க வில் இறுகும்; செய்தி தாமதப்படும்; கதவு திறப்பதற்குள் பூஸ்ட் ஏறிவிடும்.

இதில் வேறு வகைகளும் உண்டு. ஒருவகை, செய்திக் காற்றில் ஒரு பகுதியை வெளியே கசியவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். மின்சார வகையில், ஒரு மின்வால்வு நொடிக்குப் பலமுறை திறந்து மூடி அந்த வேலையைச் செய்யும். புதிய கார்கள் பலவற்றில் கம்பெனியே இந்த மின்வால்வை வைத்து, எஞ்சின் கணினியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டின் சாப் நிறுவனம் அமைத்த முறை இன்னும் சிறப்பானது. எஞ்சினில் தவறான வெடிப்பொலி எழுகிறதா என்று ஓர் உணரி கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்தால் உடனே பூஸ்ட் குறையும். செய்தியைத் தடுத்தாலும், எஞ்சினின் முனகலைக் காதுகொடுத்துக் கேட்கும் முறை அது. அண்ணன் வாங்கிய பித்தளைக் கருவிக்கோ காது இல்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். எல்லா டர்போ வண்டிகளிலும் இக்கருவியைப் பொருத்த முடியாது. மின்மோட்டாரால் வேஸ்ட்கேட் இயங்கும் கார்களிலும், இதழ்கள் திரும்பும் வகை டர்போக்களிலும் இத்தகைய செய்தி ஓஸே இல்லை. டீசல் வண்டியில் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி பெரிதாக ஏறாது. அங்கே சக்தியைத் தீர்மானிப்பது தெளிக்கப்படும் டீசலின் அளவு.

மேசைமேல் ஒரு சோதனை

மேஸ்திரி எங்களை மேசையருகே அழைத்தார். பழைய ஆக்சுவேட்டர் ஒன்றை பிடிவைஸில் மாட்டி, கேஜ் வைத்த சைக்கிள் பம்பை எங்கள் கையில் கொடுத்தார். முதலில் ஓஸை நேராக மாட்டி அடித்தோம். கேஜ் முள் 7 பவுண்டைத் தொட்டதும் கம்பி மெல்ல நகர்ந்தது. பிறகு நடுவில் கண்ட்ரோலரை வைத்து, திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்கினோம். ஒவ்வொரு முறையும் கம்பி நகர முன்னைவிட அதிகமாக அடிக்கவேண்டியிருந்தது.

அடுத்து அவர் கருவியைத் தலைகீழாக மாட்டச்சொன்னார். அடித்தோம், அடித்தோம், கை வலித்தது. 20 பவுண்டைத் தாண்டியும் கம்பி அசையவில்லை! திசை மாறினால் காற்றே குண்டைத் துளையில் இறுக்கி அடைத்துவிடுகிறது. கருவியின் மேல் ஓர் அம்புக்குறி ஏன் பொறித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கருவியின் பக்கத்தில் ஊசிமுனை அளவு துளையொன்று இருந்தது. அதை விரலால் மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தோம். பம்பைக் கழற்றிய பிறகும் கம்பி உள்ளே திரும்பவில்லை. சிக்கிக்கொண்ட காற்று அதைப் பிடித்து வைத்திருந்தது. விரலை எடுத்ததும் மெல்லத் திரும்பியது. அந்தத் துளையில் தூசி அடைத்தால் வேஸ்ட்கேட் சிறிது நேரம் திறந்தபடியே நின்று, அடுத்தமுறை வண்டி மந்தமாக எழும்பும் என்றார் மேஸ்திரி.

பொருத்தும் முறை

கருவியைப் பொருத்துவதில் உள்ள ஒழுங்கை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதலாவது, அளக்காமல் எதையும் தொடக்கூடாது. பூஸ்ட் கேஜ் ஒன்றை முதலில் மாட்டி, கண்ட்ரோலர் இல்லாமலே வண்டி எவ்வளவு பூஸ்ட் தருகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். அதுவே நம் தொடக்கக் கணக்கு.

இரண்டாவது, பழைய குறைகளைத் தீர்க்கவேண்டும். காற்று வடிகட்டி, பிளக்குகள், கிளிப்புகள், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெரிய ஓஸ்கள் யாவும் சரியாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். நோயுள்ள எஞ்சினுக்கு பூஸ்ட் மருந்தாகாது.

மூன்றாவது, எஞ்சின் முழுதும் ஆறியபின், செய்தி ஓஸை அடையாளம் கண்டு, அம்புக்குறி டர்போவிலிருந்து ஆக்சுவேட்டரை நோக்கி இருக்குமாறு கருவியை இடையில் சேர்க்கவேண்டும். ஓஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும் தரமான ஓஸாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முனையிலும் கிளிப் வேண்டும். புகைக்குழாயின் அருகே போகவே கூடாது.

நான்காவது, திருகை முழுவதும் தளர்த்திய நிலையில்தான் தொடங்கவேண்டும். ஓட்டப்பந்தயத் திடலிலோ, சக்தி அளக்கும் உருளைமேடையிலோ சோதித்து, கேஜைப் பார்த்து, கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் முடுக்காமல் ஏற்றவேண்டும். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோன்ற ஒலி எஞ்சினில் கேட்டால் உடனே நிறுத்தித் திருகைத் தளர்த்தவேண்டும். அது பெட்ரோல் முறைதவறி வெடிக்கும் ஒலி, பிஸ்டனையே உடைக்கவல்லது. வேண்டிய அளவு வந்ததும் பூட்டு நட்டை இறுக்கிவிடவேண்டும்.

பழுது அறிதல்

பழுது பார்ப்பதில் மேஸ்திரிக்கு ஒரே சூத்திரந்தான். "மொதல்ல கண்ட்ரோலரைக் கழட்டிட்டு, ஓஸை நேரா மாட்டி ஓட்டிப் பாரு. கோளாறு போயிடுச்சுன்னா குத்தம் இதுல. போகலைன்னா இதைத் திட்டாத, வேற எடத்துல தேடு." இந்த ஒரு செயலால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியைக் கீழ்க்கண்டவாறு பிரித்துப் பார்க்கலாம்.

பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறினால், செய்தி காவலாளுக்குப் போகவில்லை என்று பொருள். சிறு ஓஸ் கழன்றிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், மடங்கி அடைத்திருக்கலாம். கருவி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். ஆக்சுவேட்டரின் ரப்பர்த் திரை கிழிந்திருக்கலாம். கதவின் கீல் துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

எவ்வளவு முடுக்கியும் பூஸ்ட் ஏறவில்லையென்றால், காற்று எங்கோ வீணாகிறது அல்லது கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. பெரிய ஓஸ்களில் கசிவு, டர்போவுக்கு முன்னே புகைக் கசிவு, அடைபட்ட வடிகட்டி, சரியாக மூடாத வேஸ்ட்கேட் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. பெரிய ஓஸ் கசிந்தால் பூஸ்ட் குறைகிறது. சிறு ஓஸ் கசிந்தாலோ பூஸ்ட் கூடுகிறது! பெரிய ஓஸ் கசிந்தால் வண்டி மெதுவாகப் போகும். நாமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். சிறு ஓஸ் கசிந்தால் வண்டி முன்னைவிட நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும், நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முள் ஒரு துள்ளு துள்ளி ஏறிப் பிறகு இறங்கினால், செய்தி தாமதமாகப் போகிறது. ஓஸைக் குட்டையாக்கி, திருகைத் தளர்த்தவேண்டும். எஞ்சின் வேகம் கூடக் கூட பூஸ்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், கதவு திறந்தும் அதன் வழி போதவில்லை. இதைக் கண்ட்ரோலரால் தீர்க்க இயலாது. முள் ஆடிக்கொண்டே இருந்தால், ஓஸில் எண்ணெய் புகுந்து குண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பூஸ்ட் ஏறும்போது மட்டும் எஞ்சின் விட்டுவிட்டு இழுத்தால், பிளக்கின் இடைவெளி அதிகமாக இருக்கலாம். அழுத்தம் மிகுந்த காற்றில் பொறி பாய்வது கடினம்.

கணினி உள்ள வண்டிகளில் பழுதுக் குறியீடும் கிடைக்கும். பி0234 என்றால் பூஸ்ட் அளவு மீறியது. பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை. அண்ணனின் காரில் கருவியை இணைத்துப் பார்த்தபோது திரையில் வந்தது பி0234.

மலைப்பாதையில் நடந்தது என்ன?

காரணத்தைத் தேடுவதை மேஸ்திரி எங்களிடமே விட்டார். அண்ணன் மாட்டியிருந்த ஓஸைக் கழற்றி, ஒருமுனையை அடைத்து, மறுமுனையில் பம்பை வைத்து அடித்தோம். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தோழி சோப்புநீரைத் துணியில் நனைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். நடுப்பகுதியில், ஓஸ் வளையும் இடத்தில், குமிழிகள் வரிசையாக எழுந்தன. வளைத்துப் பார்த்தால் நக அளவு விரிசல்! மலிவான அந்த ஓஸ் புகைக்குழாயை ஒட்டிப் போயிருந்தது.

இப்போது முழுக்கதையும் விளங்கிற்று. ஊருக்குள் ஓட்டும்போது எஞ்சின் நெடுநேரம் சிரமப்படுவதில்லை, ஓஸ் தாக்குப்பிடித்தது. மலையேற்றத்திலோ முழுப் பாரத்துடன் எஞ்சின் தொடர்ந்து உழைத்தது. மலைமேல் காற்றும் மெலிவு. அதே ஜவ்வாது மலையில் வானியல் நோக்ககம் அமைந்துள்ள காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு. டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். புகைக்குழாயின் சூடு ஏற ஏற ஓஸ் இளகி வாய்பிளந்தது. செய்தி பாதிவழியில் கசிந்துபோயிற்று. கதவு திறக்கவில்லை. பூஸ்ட் தாறுமாறாக ஏறியது. வண்டி முன்னே பாய்ந்தது அப்போதுதான். எஞ்சின் கணினி தன் சென்சார் மூலம் அதைக் கண்டு, எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியை வெட்டியது; வண்டி வலுவிழந்ததும் அதனால்தான். கம்பெனி வைத்த மின்வால்வு இருந்திருந்தால் கணினி பூஸ்டை முன்னதாகவே இறக்கியிருக்கும். அண்ணனோ கண்ட்ரோலருக்கு இடம்வேண்டி அதை ஒதுக்கிவைத்திருந்தார்.

அண்ணன் தலைகுனிந்து நின்றார். மேஸ்திரி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏம்ப்பா, குக்கர் வெயிட்டு மேல கல்லைத் தூக்கி வச்சா சோறு சீக்கிரம் வேகுந்தான். ஆனா அடுப்புக்கிட்ட அம்மா நிக்கிறாங்களே" என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

சட்டமும் சாலையும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வேகத்தில் ஆர்வமுள்ளோருக்கு இடம் இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே செட்டிபாளையத்திலும் பந்தயத் திடல்கள் உள்ளன. அங்கே எதிரே பேருந்து வருவதில்லை. பின்னிருக்கையில் குழந்தையும் இருப்பதில்லை.

பந்தயத்திலும் அளவு உண்டு என்பதை அறிந்து நாங்கள் வியந்தோம். உலகப் புகழ்பெற்ற ஃபார்முலா ஒன் பந்தயங்களில் டர்போ கார்களின் சக்தி கட்டுமீறிப் போகவே, 1987-இல் 4 பார் என்றும் 1988-இல் 2.5 பார் என்றும் அழுத்தத்துக்கு வரம்பு விதித்தார்கள். ஒவ்வொரு டர்போ காரிலும் அதற்கென ஒரு வால்வு வைக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே 1988-இல் மெக்லாரன் அணி, ஹோண்டா டர்போ எஞ்சினைக் கொண்டு 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அளவுக்கு உட்பட்டும் வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முடிவாக

அண்ணன் அன்றே கண்ட்ரோலரைக் கழற்றச்சொல்லிவிட்டார். பழைய மின்வால்வும் கம்பெனி ஓஸும் தம் இடத்துக்குத் திரும்பின. கேஜை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். "அது இருக்கட்டும், அது பொய் சொல்லாது" என்றார் மேஸ்திரி. பித்தளைக் கருவியை அண்ணன் எங்களிடமே தந்துவிட்டார். சைக்கிள் பம்பும் பழைய ஆக்சுவேட்டருமாக அது இப்போது நம் பள்ளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. கண்காட்சி நாளில் பெற்றோர்களும் தங்கைமார்களும் தாங்களே பம்பை அடித்துப் பார்க்கலாம்.

அன்று மாலை நாங்கள் கண்டவற்றை சிஸ்டரிடம் ஒப்பித்தோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தச் சிறிய ஓஸை மறந்துவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். மறக்கமாட்டோம். எஞ்சினில் பெரிதாகத் தெரியும் பாகங்கள் பல. ஆனால் அவை யாவும் உயிர்பிழைத்திருப்பது, உள்ளதை உள்ளபடி கொண்டுசேர்க்கும் பென்சில் பருமனுள்ள ஒரு ரப்பர்க் குழாயால். வீட்டிலும் வகுப்பிலும் அப்படித்தான். தவறு நேர்ந்ததைச் சொல்லவேண்டியவர்களிடம் நேரத்தோடு சொல்லிவிட்டால் கதவு திறக்கும். அஞ்சியோ பெருமைக்காகவோ அடக்கிவைத்தால், சிலநாள் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும். ஏற்றம் வரும்போதுதான் தெரியும்.

தோழியின் குடும்பம் அரையாண்டு விடுமுறையில் மீண்டும் ஜவ்வாது மலைக்குப் போய்வந்தது. வண்டி நிதானமாக ஏறியதாம். கேஜ் முள் தன் அளவிலேயே நின்றதாம். பீமன் அருவியைக் கண்டு திரும்பும் வழியில், அம்மா கடைக்குட்டிக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார்களாம்.